கோடை விடுமுறையும் நூலகத்தின் கதவும்

வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். நம் சங்கத்தின் இருபத்தைந்தாண்டு வரலாற்றை எழுதத் தகுதியுடைய பெரியோர் பலர் நம்மிடையே உளர். அவர்தம் கட்டுரைகள் இம்மலரின் முற்பகுதியை அணி செய்யும் என்று நம்புகிறோம். நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணமாயிருந்தது நம் சங்கப் படிப்பகத்தின் வருகைப் பதிவேடு. சென்ற ஆண்டு ஏதோ ஒரு கணக்கிற்காக அதனைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. ஜூன் முதல் ஏப்ரல் வரையுள்ள பக்கங்களில் பிள்ளைகளின் கையெழுத்துகள் கோணல்மாணலாக நிரம்பியிருந்தன. மே மாதப் பக்கம் மட்டும் ஆண்டுதோறும் வெறுமையாக இருந்தது. பள்ளிக்கு விடுமுறை என்றால் படிப்பகத்திற்கும் விடுமுறை என்று ஒரு வழக்கத்தை நாமே ஏற்படுத்திக்கொண்டு பூட்டிவிட்டுப் போயிருக்கிறோம். செயற்குழுவில் அமர்ந்திருந்தவர் என்ற முறையில் அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

அந்த வெறும் பக்கத்தைப் பார்த்தபோது அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களுடைய நூலக வரலாறு நினைவிற்கு வந்தது. அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946ஆம் ஆண்டில், கறுப்பின மக்களின் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் அவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்ட கடிதம் அது. இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அண்ணலே கண்டு காட்டியிருக்கும்போது, அவ்வரலாற்றை நாம் படிப்பதில் தவறென்ன இருக்கிறது? அந்த டூ பாய்ஸ் ஒரு நூலகத்தின் வாயிலில் நின்று வாதாடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் கோடை வாசிப்பு என்னும் ஏற்பாடு எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடையில் ஏறத்தாழ இரண்டரை மாதம் விடுமுறை. 1890களின் பிற்பகுதியில் அந்நாட்டின் வடபகுதி நகரங்களில் இருந்த பொதுநூலகத்தார், அவ்விடுமுறையில் பிள்ளைகள் புத்தகத்தை மறந்துவிடுகின்றனர் என்பதை உணர்ந்தனர். கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் முதலான நகரங்களில் சிறுவர்க்கென வாசிப்புக் கழகங்கள் அமைத்தனர். விளையாட்டுத் திடல்களுக்கே நூல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தனர். நாளடைவில் அது ஒரு முறையாக வடிவெடுத்தது. விடுமுறைத் தொடக்கத்தில் பிள்ளை நூலகத்தில் பெயர் பதிவு செய்துகொள்ளும். படித்து முடித்த நூலின் பெயரை ஓர் அட்டையில் எழுதும். நூலகர் அழைத்து, அந்நூலில் என்ன கண்டாய் என்று கேட்பார். கோடை முடிவில் ஒரு சான்றிதழோ சிறு பரிசோ கிடைக்கும். இதில் வியக்கத்தக்க நுட்பம் ஒன்றுமில்லை. திறந்த கதவும், கேட்பதற்கு ஓர் ஆளும், எடுத்துச் செல்லப் புத்தகமும் இருந்தால் போதும். தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கோ இம்மூன்றுமே இல்லை.

1902ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் கார்னெகியின் நன்கொடையால் எழுந்த பொதுநூலகம் திறக்கப்பட்டது. அப்போது அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த டூ பாய்ஸ், சிலரை உடன் அழைத்துக்கொண்டு நூலகக் குழுவினரிடம் சென்றார். நகரத்தார் அனைவரின் வரிப்பணத்தாலும் நடக்கும் நூலகத்தில் கறுப்பின மக்களுக்கு மட்டும் இடமில்லை என்பது எங்ஙனம் முறையாகும் என்பதே அவர்தம் வினா. உங்களுக்கெனத் தனிக் கிளை ஒன்று பின்னர் வரும் என்று விடை வந்தது. அந்தப் ‘பின்னர்’ வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1921இல்தான் ஆபர்ன் அவென்யூவில் ஒரு சிறு கிளை திறக்கப்பட்டது. 1902இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவன் 1921இல் குடும்பத் தலைவனாகியிருப்பான். வாக்குறுதி என்பது எத்தகைய பூட்டு என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அட்லாண்டாவின் பெருநூலகம் அனைவர்க்கும் திறந்தது 1959ஆம் ஆண்டில்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கதை வேறு வகையாக நடந்தது. அங்கு ஆல்பர்ட் மெய்சீக் என்னும் கறுப்பினத் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு நகரிலிருந்த நூலகம் ஒன்றிற்குச் சென்றபோது அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர் அத்துடன் விட்டாரல்லர். நகரில் பொதுநூலகம் அமையவிருந்த வேளையில், அதன் குழுவினரை விடாது தொடர்ந்து வற்புறுத்தி வந்தார். விளைவாக, 1905ஆம் ஆண்டில் ஒரு வீட்டின் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்து, கறுப்பின மக்களுக்கான கிளை நூலகம் திறக்கப்பட்டது. ‘வெஸ்டர்ன் கலர்டு பிராஞ்ச்’ என்பது அதன் பெயர். 1908இல் கார்னெகி நன்கொடையால் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. கறுப்பின மக்களுக்கென, முழுவதும் கறுப்பின ஊழியர்களைக் கொண்டே நடந்த முதல் இலவசப் பொதுநூலகம் இதுவே என்பர்.

அதன் தலைமையை ஏற்றவர் தாமஸ் ஃபௌண்டன் புளூ. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1866இல் பிறந்த மகனார். சமயக் கல்வி கற்றவர். நூலகப் பயிற்சி எதுவும் முன்னர்ப் பெற்றவரல்லர். பெறுவதற்கு அவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் அம்மாநிலங்களில் அன்று இல்லை. பணியிலிருந்தபடியே கற்றுக்கொண்டார், கற்றதோடு அமையாமல், 1912 முதற்கொண்டு கறுப்பின இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அக்கிளையிலேயே நூலகப் பயிற்சி வகுப்பு நடத்தினார். தென்மாநிலங்கள் பலவற்றிலிருந்து அங்கு வந்து கற்றுச் சென்றவர்கள் தத்தம் ஊர்களில் நூலகப் பணியில் அமர்ந்தனர். ஒரு கிளை நூலகத்தின் சிறு அறை ஒரு பயிற்சிக் கல்லூரியின் வேலையைச் செய்தது.

சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ரேச்சல் டேவிஸ் ஹாரிஸ் என்னும் அம்மையார். முன்னர் ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொல்லுவதும், கதையின் முடிவில் அது இருக்கும் நூலை எடுத்துக் காட்டுவதும் அவர் வழக்கம். பிள்ளைகளே கதை சொல்லும் போட்டியொன்றும் அங்கு நடந்தது. ஜோசஃப் சீமன் காட்டர் என்னும் கவிஞர், அவரும் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், அதற்கு ஒரு பரிசுக் கோப்பை ஏற்படுத்தினார். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கெனச் சொற்போர் மன்றம் ஒன்றும் இயங்கியது. அடிமையாய்ப் பிறந்து, திருட்டுத்தனமாக எழுத்துக் கற்று, பின்னர் உலகறிந்த பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரை அம்மன்றத்திற்கு இட்டிருந்தனர். பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் வந்து போவதற்கு நகரில் ஓர் இடம் உண்டாயிற்று. 1935இல் புளூ மறைந்த பின்னர் அப்பணியின் பொறுப்பை ஏற்றவரும் ஹாரிஸ் அம்மையாரே.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. தனிக் கிளை என்பதே ஓர் இழிவு அல்லவா? அதை ஏற்றுக்கொண்டு அதில் உழைத்தது சரியா? இக்கேள்விக்கு மற்றொரு விடையை வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் ஓர் இளைஞர் தந்தார். சாமுவேல் வில்பர்ட் டக்கர் என்னும் அவ்வழக்கறிஞருக்கு அப்போது வயது இருபத்தாறு. தம் வீட்டிற்கு அருகிலேயே எழுந்த பொதுநூலகத்தில் தமக்கு இடமில்லை என்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், அவர் பயிற்றுவித்திருந்த ஐந்து இளைஞர்கள் நன்கு உடுத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக அந்நூலகத்திற்குள் சென்றனர். உறுப்பினர் அட்டை கேட்டனர்; மறுக்கப்பட்டது. உடனே ஒவ்வொருவரும் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசையில் அமர்ந்து வாய் திறவாமல் படிக்கத் தொடங்கினர். காவலர் வந்து அவர்களைக் கைது செய்தனர். ஒழுங்கீனமாக நடந்துகொண்டனர் என்பது குற்றச்சாட்டு. நூலகத்தில் அமைதியாகப் படிப்பதைவிட ஒழுங்கான செயல் வேறு யாது என்று நாம் கேட்கலாம். நீதிமன்றத்தில் டக்கரும் ஏறத்தாழ அதையேதான் கேட்டார்.

நகராட்சி என்ன செய்தது? அவசரம் அவசரமாக 1940இல் கறுப்பின மக்களுக்கென வேறொரு சிறு நூலகத்தைக் கட்டித் திறந்தது. அதற்கான உறுப்பினர் அட்டை தமக்கு வேண்டவே வேண்டாம் என்று டக்கர் எழுதியனுப்பிவிட்டார். அவ்வைந்து இளைஞர்கள் மீதிருந்த குற்றச்சாட்டுகள் முறைப்படி தள்ளுபடியானது 2019ஆம் ஆண்டில்; எண்பதாண்டுகள் கழிந்து.

புளூ செய்தது சரியா, டக்கர் செய்தது சரியா என்று நம் இளைஞர்கள் சொற்போர் நடத்தலாம். நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். டக்கர் மறுத்த அந்தச் சிறு நூலகத்திலும் ஏதோ ஒரு பிள்ளை அமர்ந்து படித்திருக்கும். அப்பிள்ளையின் மீது நாம் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் டக்கர் மறுக்காமலிருந்திருந்தால் அத்தகைய சிறு நூலகங்களோடு அந்நாட்டின் கணக்குத் தீர்ந்துபோயிருக்கும். தனிப்பள்ளி, தனி விடுதி, தனிச் சுடுகாடு என்று தனித்தனியாகப் பெற்றுக்கொண்டே வந்திருக்கும் நம் மக்களுக்கு இந்த இக்கட்டு புதிதன்று. நம் சங்கப் படிப்பகமே அவ்வகையில் ஒன்றுதானே!

கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே இருக்கும் நூல்கள் எத்தகையன என்பது அடுத்த சிக்கல். சிகாகோ நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் 1932இல் ஜார்ஜ் கிளீவ்லாந்து ஹால் கிளை நூலகம் திறக்கப்பட்டது. அங்குச் சிறுவர் நூலகராக 1963 வரை பணியாற்றியவர் சார்லமே ஹில் ராலின்ஸ். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று அவர் எடுத்த நூல்களில் கறுப்பினத்தார் வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவுமே வந்தனர். தம் முகத்தைக் கேலிப்படமாகக் காணும் பிள்ளை மறுபடியும் நூலகத்திற்கு ஏன் வரும்? எந்த நூல் தகும், எந்த நூல் தகாது என்று ஆய்ந்து 1941இல் அவர் வெளியிட்ட வழிகாட்டி நூல், பதிப்பாளர் பலரைச் சிந்திக்க வைத்தது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக் கிளையில் 1939 முதல் அகஸ்டா பேக்கர் என்னும் நூலகரும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தகுந்த நூல்களைத் திரட்டலானார்.

அக்காலத்தில் கறுப்பின மக்களின் கண்டனத்திற்கு உள்ளான நூல்களுள் ஒன்று, ஹெலன் பானர்மேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அம்மையார் எழுதி 1899இல் வெளிவந்த ‘லிட்டில் பிளாக் சாம்போ’. அதனை அவர் எழுதியது எங்கே தெரியுமா? நம் கொடைக்கானலில் தம் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய நீண்ட ரயில் பயணத்தில் என்பர். கதையில் புலிகள் வருகின்றன, நெய்யும் வருகிறது. நம் நாட்டில் எழுதப்பட்ட கதையின் படங்கள், கடல் கடந்து போய் வேறொரு மக்களின் பிள்ளைகளை நாணச் செய்தன.

1950களின் இறுதியில் காற்று மாறத் தொடங்கியது. 1959ஆம் ஆண்டு தென் கரோலைனா மாநிலத்தின் லேக் சிட்டி என்னும் சிற்றூரில், ரொனால்டு மெக்நேர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் தனியாகப் பொதுநூலகத்திற்குச் சென்று சில அறிவியல் நூல்களை எடுத்து வந்து மேசைமீது வைத்தான். இந்நூலகம் உங்களவர்க்கு அன்று என்றார் நூலகர். நூல்களைப் பெறாமல் போவதில்லை என்று சிறுவன் அங்கேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். காவலர் இருவர் வந்தனர், தாயாரும் அழைக்கப்பட்டார். இவ்வளவு சிறிய பிள்ளையின்மீது என்ன வழக்குப் போடுவது என்று அனைவரும் விழிக்க, இறுதியில் நூல்கள் அவன் கைக்கு வந்தன. அச்சிறுவர் 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1984இல் விண்வெளிக்குச் சென்று வந்தார். 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது உயிர் நீத்தார். அவரை நுழைய விடாத அந்நூலகக் கட்டடம் இன்று அவர் பெயர் தாங்கிய நினைவகம்.

அதே மாநிலத்தின் கிரீன்வில் நகரில் 1960ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் எட்டு மாணவர்கள் பெருநூலகத்தில் நுழைந்து அமர்ந்து கைதாயினர். அவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் பெருந்தலைவராக விளங்கிய ஜெசி ஜாக்சன். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, கட்டுரை எழுதத் தேவையான நூல் கறுப்பினத்தார் கிளையில் இல்லாமற்போக, பெருநூலகத்தில் கேட்டு மறுக்கப்பட்டவர் அவர். அடுத்த கோடை விடுமுறையில் தோழர்களுடன் திரும்பி வந்தார். நகரத்தார் செப்டம்பர் தொடக்கத்தில் நூலகத்தையே இழுத்து மூடினர். வழக்கும் பழியும் சூழவே, அம்மாதம் 19ஆம் நாள் அனைவர்க்கும் திறந்துவிட்டனர்.

வர்ஜீனியாவின் டான்வில் நகரத்து நிகழ்ச்சி இதனினும் வேடிக்கையானது, வேதனையானதும்கூட. அங்கும் 1960இல் மாணவர்கள் நூலகத்தில் நுழைந்தனர், நூலகம் மூடப்பட்டது. நீதிமன்ற ஆணையின் பின், செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது அனைவரும் உள்ளே வரலாம் என்றனர். ஆனால் நாற்காலிகளும் மேசைகளும் அகற்றப்பட்டிருந்தன! வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் அருகருகே அமரக் கூடாதென்று, எல்லாரையும் நின்றுகொண்டே நூல் தேட வைத்தனர். தம் பிள்ளைகளும் நிற்க நேரிட்டாலும் சரி, பிறர் பிள்ளைகள் உட்காரக் கூடாது!

இதை முதன்முதலாகப் படித்தபோது நாம் நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. நம் இளமையில், பக்கத்து ஊரில் ஒரு படிப்பகம் இருந்தது. உள்ளே வராதே என்று எழுதிய பலகை ஏதுமில்லை. திண்ணையில் விசுப்பலகை இருந்தது. அதில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருப்பர். நம் தெருப் பையன்கள் திண்ணைக்குக் கீழே நின்றபடி, அவர்கள் படித்துப் போட்ட செய்தித்தாள் தாள்களை வாங்கிப் படிப்போம். நின்று படித்தால் ஒரு பக்கம் படிக்கலாம். ஒரு புத்தகம் படிக்க முடியாது. நாற்காலியை எடுத்த டான்வில் நகரத்தார் இதை நன்கு அறிந்தே செய்தனர் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வரலாற்றின் உச்சம் 1964ஆம் ஆண்டுக் கோடை. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய நூற்றுக்கணக்கான தொண்டர்கள் அக்கோடையில் திரண்டனர். அதனோடு ‘விடுதலைப் பள்ளிகள்’ என்ற பெயரில் கோடைப் பள்ளிகளும் நடத்தப்பட்டன. சார்லஸ் காப் என்னும் இளைஞர் முன்மொழிந்த திட்டம் அது. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில், தேவாலயக் கூடங்களிலும் மரநிழலிலும், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தனர். வடமாநில மக்கள் அனுப்பிய பழைய நூல்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்க, பல ஊர்களில் ‘விடுதலை நூலகங்கள்’ தோன்றின. மெரிடியன் நகரில் அத்தகைய நூலகத்துடன் கூடிய சமுதாயக் கூடத்தை நடத்தியவர்களுள் மைக்கேல் ஷ்வெர்னர் ஒருவர். விடுதலைப் பள்ளி நடக்கவிருந்த தேவாலயமொன்று எரிக்கப்பட்டதைப் பார்த்து வரச் சென்ற அவரும், ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன் என்னும் இருவரும் ஜூன் 21ஆம் நாள் கொல்லப்பட்டனர். பிள்ளைகளுக்குக் கோடையில் பாடம் சொல்வது உயிரைக் கேட்கும் வேலையாக அங்கு இருந்தது.

ஹாட்டிஸ்பர்க் நகரின் விடுதலைப் பள்ளியில் பாடம் சொல்ல நியூயார்க்கிலிருந்து வந்திருந்தவர் சாண்ட்ரா அடிக்ஸ் என்னும் வெள்ளையின ஆசிரியை. ஆகஸ்டு 14ஆம் நாள், அவருடைய மாணவர் அறுவர் நகரப் பொதுநூலகத்திற்குச் சென்று உறுப்பினர் அட்டை கேட்பதென்று முடிவு செய்தனர். பொது இடங்களில் நிற வேற்றுமை கூடாதென்னும் சட்டம் குடியரசுத் தலைவரின் கையெழுத்துப் பெற்று அப்போது ஆறு வாரமே ஆகியிருந்தது. நூலகர் மறுத்தார். பிள்ளைகள் நகரவில்லை. காவலர் வந்தனர், நூலகம் மூடப்பட்டது. பசியோடு வெளியேறிய அவர்கள் ஒரு கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குச் சென்றனர். பிள்ளைகளுக்குத் தருவோம், அவர்களுடன் வந்த வெள்ளைக்கார அம்மையாருக்குத் தர மாட்டோம் என்று அங்குக் கூறினர். வெளியே வந்ததும் அவ்வாசிரியை, ‘நாடோடித் திரிதல்’ என்ற குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். அக்கடையின்மீது அவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1970இல் அவருக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. இன்றும் அந்நாட்டுச் சட்ட மாணவர் படிக்கும் வழக்கு அது. அதன் தொடக்கத்தில் இருப்பது ஆறு பிள்ளைகள் நூலக அட்டை கேட்ட ஒரு கோடைக் காலைப்பொழுது.

கதவுகள் திறந்தாயின. திறந்ததால் பயன் விளைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் சமூகவியலாளர், அட்லாண்டா நகரப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ மூவாயிரவரை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, 1978இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். டூ பாய்ஸ் வாதாடிய அதே அட்லாண்டா. பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியுள்ள பிள்ளைகளும் கற்கும் வேகத்தில் வேறுபாடு குறைவு. கோடையில்தான் இடைவெளி அகலுகிறது என்று அவர் கண்டார். கோடையில் எத்தனை நூல் படித்தனர் என்பது, குடும்ப வருவாய் எதுவாயினும், சொல்வளத்தைக் கூட்டியது. கோடைக்கால வளர்ச்சிக்குப் பொதுநூலகத்தைப்போல் துணை நின்ற பொது நிறுவனம் வேறொன்றில்லை என்பதும், நூலகம் வீட்டிற்கு அருகில் இருந்தால் பிள்ளைகள் மிகுதியாகச் சென்றனர் என்பதும் அவர்தம் முடிபுகள். பின்னர் பால்டிமோர் நகரில் 1982 முதல் பல்லாண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த என்ட்விசில், அலெக்சாண்டர் என்போர் இதனைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிட்டனர். பள்ளி நடக்கும்போது குழாயில் எல்லார்க்கும் தண்ணீர் வருகிறது. விடுமுறையில் குழாய் நின்றால், கிணறு உள்ள வீட்டுக்காரர்க்குக் குறையில்லை. கிணறு என்பது நாம் சேர்த்துக்கொண்ட சொல்.

உண்மையை உள்ளவாறே சொல்ல வேண்டும். 2019இல் வேறு ஆய்வாளர் அப்பழைய தேர்வு மதிப்பெண்களை மீண்டும் சோதித்து, இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேருமுன்னரே உண்டாகிவிடுகிறது, கோடையின் பங்கு முன்னர்க் கருதிய அளவு இல்லை என்றனர். அவ்வாறே இருக்கட்டும். பள்ளியில் சேருமுன் உண்டான இடைவெளியை நிரப்பவும் நமக்குக் கோடையை விட்டால் வேறு நாளில்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் ஆலிங்டன், மெக்கில் ஃபிரான்சன் என்னும் இரு பேராசிரியர்கள் ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடைதோறும் பன்னிரண்டு நூல் வீதம் மூன்று கோடைகள் கொடுத்துப் பார்த்தனர். கோடைப் பள்ளிக்குச் சென்றதற்கு ஒப்பான பயன் கிடைத்ததாக 2010இல் அறிவித்தனர். நூல்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொண்டனர். அவர்கள் விரும்பி எடுத்தவை பெரும்பாலும் பாடகர்களையும் விளையாட்டு வீரர்களையும் பற்றிய நூல்கள்! நம் நூல் தேர்வுக் குழுவில் அமர்ந்துள்ள பெரியோர் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டுகிறோம். தலைவர் வரலாறும் நீதிநூலும் வேண்டியவையே. அவற்றின் அருகில் படக்கதையும் மாயக்கதையும் இருப்பதால் அண்ணலுக்கு இழுக்கு வந்துவிடாது.

நம் மாநிலத்தில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டத்தால், சாதி பாராமல் எவரும் பயன்படுத்தும் நூலகங்கள் ஏற்பட்டன. எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் முயற்சிக்கு நம் மக்களும் கடமைப்பட்டவர்கள். சட்டத்தில் பூட்டு இல்லை. ஆயினும் கிளை நூலகம் ஊருக்குள் இருக்கிறது. நம் பிள்ளை சேரியில் இருக்கிறது. நடுவில் இருக்கும் தெருக்களை, பள்ளிச் சீருடை அணிந்தபோது எளிதாகக் கடக்கும் பிள்ளை, விடுமுறையில் சீருடை இல்லாமல் கடக்கத் தயங்குவதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். மே மாதத்தில் சில பிள்ளைகள் தாய் தந்தையருடன் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றனர்; சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகின்றனர். மீதமுள்ளோர் வேப்பமரத்தடியில் இருக்கின்றனர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஏப்ரலில் தடங்கலின்றிப் படித்த பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறுவதைப் பார்க்காத ஆசிரியர் இல்லை.

ஆகவே செயற்குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வரும் மே முதல் நாள் தொடங்கி ஜூனில் பள்ளி திறக்கும் வரை, படிப்பகம் காலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை திறந்திருக்கட்டும். அதற்குமேல் தகரக் கூரையின் கீழ் யாரும் உட்கார முடியாது. பிள்ளைக்கு ஓர் அட்டை, படித்த நூலின் பெயரை எழுத. அதைப் பற்றிக் கேட்க, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்களுள் நாளொன்றுக்கு இருவர். சூளைக்குப் போகும் பிள்ளைகளின் கையில், போகும்போதே நான்கு புத்தகங்கள் கொடுத்தனுப்ப வேண்டும். திரும்பி வராமற்போனால் போகட்டும், அது நட்டக் கணக்கில் வரட்டும். தரையில் விரிக்கும் பாய்கள் போக, இருபது நாற்காலிகள் வேண்டும். நாற்காலிக்கு நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் இரண்டை நம் பெயரில் எழுதிக்கொள்க. சாவி காவலரிடம் இருக்கிறது என்று சென்ற முறை சொன்னார்கள். ஏப்ரல் கடைசி நாள் மாலை அதனை நாம் வந்து வாங்கிக்கொள்கிறோம்.